கழற்றி வைத்துவிட்டு வரும் கோபம்

கண்ணாடிக்காரருக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். பதறமாட்டார். வலது காதுக் கம்பி, இடது காதுக் கம்பி, இரண்டையும் பக்குவமாக எடுத்து மடிப்பார். சட்டைப் பையிலிருந்து துணியை உருவி ஒரு துடைப்பு. பிறகு உறைக்குள் வைத்து 'டப்' என்று மூடி, அலமாரியின் மேல் தட்டில் வைப்பார். அதற்கப்புறம்தான் தன்னை மறந்து கத்துவார்.

இதை அவர் மனைவி கல்யாணமான புதிதிலேயே கவனித்திருந்தாள். பயன்படுத்திக்கொள்ளவும் பழகியிருந்தாள். அந்த 'டப்'புக்கும் முதல் சாமான் பறப்பதற்கும் நடுவே அடுப்பை அணைத்துவிடலாம், தண்ணீர்க் குடத்தை நகர்த்திவிடலாம், திறந்திருக்கும் ஜன்னலைச் சாத்திவிடலாம். சிலருக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பார்கள். இவருக்கு அந்த இடத்தில் கண்ணாடி உட்கார்ந்திருந்ததால், கோபம் அது இறங்கும்வரை பொறுத்திருந்து வந்தது.

கடைத்தெருவில் உள்ள கண்ணாடிக் கடையில் அவருக்கு வேலை. லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவார். அங்கே அவரைப்போலப் பொறுமைசாலி கிடையாது. ஒரு அம்மாள் கடையில் இருக்கிற சட்டங்களை எல்லாம் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சாய்த்து, கடைசியில் "பழசே நல்லா இருக்கு" என்று கிளம்புவாள். அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டு, "பாத்து எறங்குங்கம்மா, படி இருக்கு" என்பார். முதலாளி வாடிக்கையாளர் முன்னாலேயே "யோவ், கைய ஆட்டிக்கிட்டு நிக்கறியே" என்றால் பல் தெரியச் சிரிப்பார். அத்தனை கோபத்தையும் டிபன் பாக்ஸில் போட்டு மூடி, சிந்தாமல் சிதறாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துதான் திறப்பார்.

"எனக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது" என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கண்ணாடியைக் கழற்றிய பிறகு கண் தெரியாதுதான். ஆனால் கை மட்டும் எப்படியோ வழி கண்டுபிடித்து, நீல விளிம்பு போட்ட அவருடைய பெரிய கோப்பையைத் தாண்டி, பக்கத்தில் இருக்கும் அவளுடைய கோப்பைக்குப் போய்ச் சேரும். நீலக் கோப்பை கல்யாணத்துக்கு வந்தது. இன்னும் ஒரு கீறல் இல்லை. அவளுடைய கோப்பைகள் எத்தனை வந்து எத்தனை போயின என்று அவளுக்கே தெரியாது.

நாத்தனார் வந்தால் ஆறுதல் சொல்வாள். "எங்கண்ணனுக்குக் கொஞ்சம் கோபம் வரும் அண்ணி. ஆனா மனசு கொழந்த. கோபம் இருக்கற எடத்துலதான் குணம் இருக்கும்." அண்ணி தலையாட்டிக்கொள்வாள். வீட்டைப் பெருக்கும்போதெல்லாம் கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், கோப்பைச் சில்லு கிடைத்திருக்கிறது. அந்தக் குணம்தான் இன்னும் கிடைக்கவில்லை.

அவளுக்கும் ஒரு தொழில் உண்டு. ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு பேன்ட் நீளம் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள், இளைத்தவர் சட்டையைப் பிடிப்பாள், பெருத்தவர் சட்டையைப் பிரிப்பாள். தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. அதிகம் பேசுகிற ஆள் இல்லை அவள். தெருக்காரர்களுக்கு அவள் கண்ணாடிக்காரர் வீட்டம்மா. மிஷினில் உட்கார்ந்து மிதிப்பது அவள், பேர் மட்டும் அவருடைய கடையிலிருந்து வந்தது.

இவர்களுக்கு ஒரே மகள். நர்ஸ். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு விளக்கு வாங்கி வந்தாள். கழுத்தை எந்தப் பக்கம் வளைத்தாலும் வளையும், வெளிச்சம் நேரே ஊசி முனையில் விழும். "இனிமே கண்ணச் சுருக்கிக்கிட்டுத் தைக்காதம்மா" என்று அவளே மிஷின் பக்கத்தில் பொருத்திக் கொடுத்தாள். கண்ணாடிக்காரர் வீட்டில், கண்ணுக்கென்று யோசித்து ஒரு பொருள் வந்தது அதுதான் முதல் தடவை.

ஒரு சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்தபோது அவள் யாருடைய பேன்ட்டுக்கோ கடைசி மடிப்பை அடித்துக்கொண்டிருந்தாள். டீ வர இரண்டு நிமிடம் தாமதம். 'டப்' கேட்டது. அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து ஓடினாள். அந்தத் தடவை அவர் அடுப்படிப் பக்கம் போகவில்லை. விளக்கின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் அடித்தார்.

மகள் சில்லுகளைக் கூட்டி அள்ளினாள். மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி விடுதிக்குப் போய்விட்டாள். போனில் அம்மாவிடம் சொன்னாள்: "அப்பா எங்கயாவது போய்த் தன் கோபத்துக்கு ஒரு வழி பண்ணட்டும். அதுவரைக்கும் அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேம்மா. நீ வேணா வந்து என்னப் பாரு."

விடுதியில் பார்வையாளர் அறை என்று ஒன்று. பெஞ்சில் உட்கார்ந்து, மகளை ஊரார் பிள்ளையைப்போலப் பார்த்துவிட்டு வர வேண்டும். அம்மாவுக்கு அது ஒப்பவில்லை. மகள் வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கண்ட இடத்தில் உதறிவிட்டு, "பசிக்குதும்மா" என்று சொல்ல வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

மகள் சொன்னதை அவரிடம் மெதுவாக எடுத்துச் சொன்னாள்.

"எனக்குக் கோபமா? எவ சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

அவரை வழிக்குக் கொண்டுவந்தது மனைவியின் கண்ணீரோ மகளின் பிரிவோ இல்லை. கடை முதலாளி ஒருநாள், "என்னய்யா, பொண்ணு வீட்டோட இல்லையாமே?" என்று கேட்டுவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து, "சரி, போறேன். எங்க போகணும்னு நீயே தேடிச் சொல்லு" என்றார். அவருடைய பனியன், சாவி, சீப்பு எல்லாவற்றையும் தேடிக் கொடுப்பவள் அவள்தான். அவருடைய கோபத்துக்கு ஒரு இடம் தேடுவதும் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

பேசவே கூசுகிறவள் விசாரிக்கக் கிளம்பினாள். பூங்காவில் ஒரு கும்பல் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் வட்டமாக நின்று வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது சிரிப்புச் சங்கம். அந்த வட்டத்தில் தன் வீட்டுக்காரரை நிறுத்திப் பார்த்தாள் மனசுக்குள். அவளுக்கே பயமாக இருந்தது.

அடுத்து ஒரு மாடி அறை. படியேறிக் கேட்டதும் அங்கிருந்தவர் மரியாதையாக நாற்காலி போட்டார்.

"எத்தன வருஷமா குடிக்கிறாரும்மா?"

"குடிக்க மாட்டாருங்க."

"சுத்தமாவா?"

"தொடவே மாட்டாரு. கோபம் மட்டுந்தான்."

அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அப்ப எங்களால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. குடிக்க ஆரம்பிச்சா கூட்டிட்டு வாங்க."

கடைசியில் நூலக அறிவிப்புப் பலகையில் கிடைத்தது. 'கோபத்தைக் கையாள நினைப்பவர்கள் வியாழன் மாலை பின் அறைக்கு வரவும். அமைதியாக வரவும்.' காகிதத்தில் பாதியை யாரோ கிழித்திருந்தார்கள். அந்தக் குழுவில் இருப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற கால்பந்து நடுவர். எல்லாரும் ரெஃப்ரி என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் இன்னும் விசில் தொங்கியது. வந்துகொண்டிருந்தவர்கள் ஒரு பஸ் டிரைவர், ஒரு ஓட்டல் சமையல்காரர், டெலிபோன் ஆபீஸில் புகார்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் ஒரு அம்மாள். அவளுக்குப் புகாரம்மா என்று பேர். நாளெல்லாம் மற்றவர்களுடைய கோபத்தைக் காதில் வாங்குகிறவள், தன்னுடையதை அங்கே கொண்டுவந்து இறக்கினாள்.

வழி தெரியாது என்று சொல்லி முதல் வாரம் கண்ணாடிக்காரர் மனைவியையும் கூட்டிப்போனார். அவள் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம், குழந்தைகள் புத்தகப் பிரிவின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது. வியாதியைச் சொல்லிக்கொள்ள வந்தவர்கள் பேசுவதுபோல இல்லை. பெரிய மீன் பிடித்தவர்கள் பேசுவதுபோல இருந்தது.

"சில்லறை இல்லன்னு ஒருத்தன் என்னயே மொறைச்சான். பஸ்ஸ நடு ரோட்ல நிறுத்திட்டு எறங்கிப் போயிட்டேன்ல! உள்ள அவ்ளோ சனம்!" என்றார் டிரைவர்.

"இதென்ன. நான் கரண்டியத் தூக்கி எறிஞ்சேன்" என்றார் சமையல்காரர்.

"எவ்ளோ பெரிய கரண்டி?"

"அண்டாவுக்குப் போடறது."

"அடேயப்பா!"

விசில் ஊதியது. "இது போட்டி இல்லப்பா" என்றார் ரெஃப்ரி. அவர் குரலிலும் கொஞ்சம் வியப்பு இருந்தது.

கண்ணாடிக்காரர் அந்த அறையில் ஒரே மாதத்தில் கொடிகட்டிப் பறந்தார். நேரத்துக்கு முன்னால் போய் நாற்காலி போட்டார். பிளாஸ்க்கில் டீ கொண்டுபோனார். அந்த டீயைப் போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரெஃப்ரியின் கண்ணாடிக் கம்பியை நிமிர்த்திக் கொடுத்தார். புகாரம்மாவின் மூக்கில் கண்ணாடி அழுத்திச் சிவந்திருப்பதைப் பார்த்து, மெத்தைத் துண்டு மாற்றிக் கொடுத்தார். யாராவது குரல் உயர்த்தினால், "மெதுவா தம்பி, மெதுவா" என்று தோளைத் தட்டினார். எல்லாருக்கும் அவர் அண்ணன் ஆகிவிட்டார். கோபக்காரர்கள் சேர்ந்து அவரைத் துணைப் பொறுப்பாளராக்கி, பின் அறைச் சாவியையும் கையில் கொடுத்தார்கள்.

வழியில் பார்த்தால் டிரைவர் பஸ்ஸின் வேகத்தைக் குறைத்து ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுச் சொல்வார்: "குடுத்து வச்சவங்க அண்ணி நீங்க! இப்பிடி ஒரு பொறுமையான மனுஷன் யாருக்குக் கெடைப்பாரு!"

ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டு அண்ணன் வீட்டுக்கு வருவார். வீட்டில் எதுவும் மாறவில்லை என்று சொல்ல முடியாது. புதிதாகச் சில வார்த்தைகள் வந்திருந்தன.

"கத்தாதீங்க, பக்கத்து வீட்ல கேக்குது."

"நான் கத்தல! என் உணர்ச்சிய உங்கிட்டப் பகிர்ந்துக்கறேன்!"

அவர் பகிர்ந்துகொண்டது எதிர் வீடு வரைக்கும் கேட்டது.

கோபம் வந்தால் மனசுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லியிருந்தார் ரெஃப்ரி. கண்ணாடிக்காரர் எண்ணத்தான் செய்தார், வாய்விட்டு. "ஒண்ணு! ரெண்டு! மூணு! பத்துக்குள்ள சட்ட இஸ்திரி போட்டு வரணும்!" அவள் ஏழில் இஸ்திரிப் பெட்டியைப் பிளக்கில் சொருகுவாள்.

மகள் போன் செய்தாள். "அப்பா மாறிட்டாரா?"

"போறாரும்மா. ஒரு வாரம்கூடத் தவறினதில்ல."

"நான் அதக் கேக்கல."

அவள் பேசாமல் இருந்தாள். மகள் அவள் பேசாமல் இருப்பதைக் கேட்டு வளர்ந்தவள். "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் குடும்ப வியாழன் வந்தது. வீட்டிலிருந்து ஆட்களைக் கூட்டி வர வேண்டும். வந்தவர்கள் ஆளுக்கு ஒரு நல்ல விஷயம் சொல்ல வேண்டும். குறை சொன்னால் விசில். அது ரெஃப்ரியின் சட்டம். விஷயம் கேள்விப்பட்டதும் மகள், "நானும் வரேன். வந்து பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அம்மா வாரம் முழுக்க மிஷினை மிதித்தாள். ஒரு பேன்ட்டுக்கு ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் போய்விட்டது. அவள் கைக்கு அப்படி நேர்ந்தது அதுதான் முதல் தடவை.

போகிற வழியெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார். "கடின உழைப்பாளின்னு சொல்லு. குடும்பத்துக்காகவே வாழறார்னு சொல்லு. ஏதாவது ஏடாகூடமா ஒளறி வச்சே..." கை காதுப் பக்கம் போனது. தெருவில் ஆட்கள் இருந்தார்கள். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, எதிரே வந்த வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தார்.

அறை நிறைந்திருந்தது. மகள் கதவோரம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எந்த நிமிடமும் எழுந்து போய்விடுகிற மாதிரி. டிரைவரின் மனைவி எழுந்து, "தூங்கும்போது ரொம்ப அமைதியா இருப்பாருங்க" என்றாள். ரெஃப்ரி விசிலை வாய்வரை கொண்டுபோய், யோசித்து, கீழே விட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். சமையல்காரரின் தம்பி ஏதோ சொன்னான், அதற்கும் கைதட்டல்.

கண்ணாடிக்காரர் வீட்டம்மா எழுந்தாள். இத்தனை முகங்கள் ஒன்றாகத் தன்னைப் பார்ப்பது அவளுக்குப் புதிது. சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறந்துபோயிற்று. கடின என்று ஆரம்பமாகும் ஒரு வார்த்தை, அதற்குமேல் வரவில்லை. கதவோரம் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் நல்லவர் என்று தெரிந்தால்தான் அவள் வீட்டுக்கு வருவாள். ஒரு நல்ல விஷயம், ஒன்றே ஒன்று, நிஜமானதாக இருக்க வேண்டும். பொய் சொன்னால் மகள் கண்டுபிடித்துவிடுவாள். அவள் மனசுக்குள் வீடு முழுக்கத் தேடினாள். அலமாரியின் மேல் தட்டில் ஒன்று கிடைத்தது.

"இவருக்கு... எவ்ளோ கோபம் வந்தாலும் நிதானம் போகாதுங்க" என்றாள்.

கண்ணாடிக்காரர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"கண்ணாடிய மொதல்ல கழட்டிருவாரு. தொடச்சு, உறைல போட்டு மூடி, மேல் தட்டுல வச்சதுக்கப்புறம்தான் ஆரம்பிப்பாரு. இத்தன வருஷத்துல அவர் கண்ணாடி ஒண்ணுகூட ஒடஞ்சதில்ல. அவர் குடிக்கற கோப்பைல ஒரு கீறல் விழுந்ததில்ல. என்னோடதுங்கதான்... அது பரவால்ல. ரோட்லகூட ஆள் இருந்தாக் கோபப்பட மாட்டாரு. வீட்டுக்கு வந்து, கதவச் சாத்திட்டுத்தான். அவ்ளோ கவனமான மனுஷனுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சத்தியமாக நல்லதாகத்தான் சொன்னாள். யாரும் ஏன் கைதட்டவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை.

ரெஃப்ரி விசிலை வாயில் வைத்திருந்தார். இது ஃபவுலா கோலா என்று அவருக்கு விளங்கவில்லை.

புகாரம்மாதான் வாயைத் திறந்தாள். "அப்ப தெரிஞ்சேதான் பண்றீங்களாண்ணே?"

 டிரைவர், யாரும் கேட்காமலே, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் ஹேண்ட் பிரேக் போட்டுட்டுத்தான் எறங்கினேன்."

"என் பக்கத்துல கத்திகூட இருந்துச்சு" என்றார் சமையல்காரர். "கரண்டியத்தான் எடுத்தேன்." அவர் குரலில் மீன் பிடித்தவரின் பெருமை இல்லை.

கண்ணாடிக்காரருக்கு முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது. வலது கை தன்னால் எழும்பி காதுக் கம்பியைத் தொட்டது. தொட்ட பிறகுதான் அறை முழுக்க அந்தக் கையையே பார்ப்பது தெரிந்தது. மகளும் பார்த்தாள். கழற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. கடைசியில் காதைச் சொறிந்துகொண்டார். ரொம்ப நேரம் சொறிந்தார். அவ்வளவு அரிப்பு எந்தக் காதுக்கும் வராது.

வெளியே வந்ததும் மகள் அம்மாவின் கையைப் பிடித்தாள். "நான் அவரு கத்தறதத்தாம்மா பாத்திருக்கேன். இத ஏன் இத்தன நாளா எங்கிட்டச் சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு என்னடி இருக்கு? அவரு கண்ணாடி, அவரு கழட்டறாரு."

மகள் அம்மாவையே பார்த்தாள். "நீ மட்டும் வாயத் தொறந்திருந்தா, அம்மா, எப்பவோ..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விடுதிக்குப் போனாள்.

வீட்டில் கதவைச் சாத்தினார் கண்ணாடிக்காரர். "மானத்த வாங்கிட்டியேடி!" என்று ஆரம்பித்தார். கை காதுக்குப் போனது. அவள் அடுப்பை அணைக்க ஓடவில்லை. குடத்தை நகர்த்தவில்லை. முதல் தடவையாக நின்ற இடத்தில் நின்று, அந்தக் கை என்ன செய்கிறது என்று பார்த்தாள். சும்மா, ஊசியில் நூல் கோப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கை பாதியில் நின்றது. கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு எறிந்து அவருக்குப் பழக்கமில்லை. சட்டம் வளைந்தால் அதை நிமிர்த்துவது எவ்வளவு பாடு என்று அவருக்குத்தான் தெரியும். வாயால் கத்திப் பார்த்தார். சரியாக வரவில்லை.

அடுத்த வியாழன் அவர் கிளம்பவில்லை. "அந்தக் கும்பல் எனக்குச் சரிப்படாது. எல்லாம் கோபக்காரப் பசங்க" என்றார்.

அறைச் சாவி அவரிடம் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு வர அவள் போனாள். பூட்டிய கதவுக்கு வெளியே எல்லாரும் காத்திருந்தார்கள். பொறுமையாகத்தான் காத்திருந்தார்கள், விசில் மட்டும் நடுநடுவே ஊதியது. அவள் சாவியை நீட்டிவிட்டுத் திரும்பினாள்.

"ஏம்மா, உங்களுக்குக் கோபமே வராதா?" என்று கேட்டார் ரெஃப்ரி.

அவள் யோசித்தாள். "வருதான்னு தெரியலைங்க. அவருதப் பாத்துக்கவே நேரம் சரியா இருந்துச்சு."

புகாரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கண்ணாடிக்காரர் வீட்டம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அதன் நுனியில் உட்கார்ந்தாள். அன்று ஒன்றும் பேசவில்லை. மறு வாரமும் பேசவில்லை. அதற்கடுத்த வாரம், விளக்கைப் பற்றிச் சொன்னாள். நடுவில் குரல் உயர்ந்தது. தன் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியாது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை எட்டிப் பார்த்தது. விசில் ஊதவில்லை.

இப்போது வியாழக்கிழமைகளில் அவள் போகிறாள், அவர் வீட்டில் இருக்கிறார். டீயை அவரே போட்டுக்கொள்கிறார், நீலக் கோப்பையை அவரே கழுவிக் கவிழ்க்கிறார். கோபம் வருகிறது. கண்ணாடியோடு வருவதால் சீக்கிரம் களைத்துப்போகிறது. இரண்டு தடவை உறை 'டப்' என்றது. இரண்டு தடவையும் அவள் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஒரு தடவை எடுத்து மாட்டிக்கொண்டார், ஒரு தடவை ஒரு கோப்பை போயிற்று. அதற்கு மறுநாள் அவளே கடைக்குப் போய் அவர் பணத்தில் இரண்டு வாங்கிவந்தாள். நாத்தனார் இப்போதெல்லாம் குணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், சாப்பிடுகிறாள், கைப்பையை மடியிலிருந்து இறக்குவதில்லை, இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்பிவிடுகிறாள். புது விளக்கு இன்னும் வாங்கவில்லை.